பாறை கிராலர் போட்டி, புதியவர் பிரிவு: பாடி விதிகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஓசூர் பக்கம் ரிமோட் கிராலர் (ரிமோட்டால் ஓட்டிப் பாறை ஏற்றும் சிறு மாதிரி வண்டி) வைத்திருக்கும் சிலர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பாறையில் வண்டி ஓட்டுகிறோம். அவ்வப்போது அதையே சிறு போட்டியாக வைக்கிறோம். புதியவர் பிரிவுக்கு வருகிறவர்கள் மோட்டாரையும் பேட்டரியையும் பற்றி அவ்வளவாகக் கேட்பதில்லை. பாடியை, அதாவது வண்டியின் மேல்மூடியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஓட்டத்துக்கு முன் சரிபார்க்கும்போது திருத்தச் சொல்லும் வண்டிகளிலும் பாதிக்கு மேல் பாடியில்தான் பிரச்சினை. அதனால் பாடி விதிகளை மட்டும் இங்கே தனியாக எழுதியிருக்கிறேன். இவை எங்கள் கூட்டத்தின் விதிகள். வேறு ஊரில் ஓட்டப் போனால் அந்த ஊர் விதியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிராலர் போட்டியா, ரேஸா? நான் புதிது.

ரேஸ் இல்லை. பாறை மேல் இரண்டு இரண்டு குச்சிகளாக நட்டு வைத்திருப்போம். ஒவ்வொரு ஜோடியும் ஒரு கேட். எண் வரிசைப்படி எல்லா கேட்டுக்குள்ளும் வண்டியை நுழைத்து வெளியே கொண்டுவர வேண்டும். ரிவர்ஸ் எடுத்தால் 1 புள்ளி, குச்சியைத் தொட்டால் 10, கவிழ்ந்த வண்டியைக் கையால் நிமிர்த்தினால் 10. இவை எல்லாமே தண்டப் புள்ளிகள். கடைசியில் யாருக்குப் புள்ளி குறைவோ அவர்தான் முதலிடம். நேரத்துக்கு ஒரு வரம்பு உண்டு, ஆனால் வேகத்துக்குப் பரிசு கிடையாது.

மேல்மூடிதானே? அதற்கு ஏன் இத்தனை விதி?

எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் விளங்கியது.

பாடி இல்லாமல் 2.7 கிலோ எடையுள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் எடை மையம் தரையிலிருந்து 90 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. இரண்டு பக்க டயர்களின் வெளி விளிம்புகளுக்கு இடையே 240 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இதன் மேல் 500 கிராம் கெட்டி பிளாஸ்டிக் பாடியை மாட்டுகிறோம். பாடியின் எடை மையம் 190 மி.மீ. உயரத்தில் வரும். இப்போது மொத்த வண்டியின் எடை மையம் கிட்டத்தட்ட 106 மி.மீ.க்கு ஏறிவிடும். பக்கவாட்டுச் சரிவில் சுமார் 48.7 டிகிரி வரைதான் அது நிற்கும், அதைத் தாண்டினால் உருளும். இதே வண்டிக்கு 200 கிராம் லெக்ஸான் (மெல்லிய, வளையும் பிளாஸ்டிக்) பாடி போட்டால் எடை மையம் 97 மி.மீ.; சுமார் 51 டிகிரி வரை தாங்கும். ஷாக் அமுங்கி வண்டி சாய்வதை இதில் சேர்க்கவில்லை. அதையும் சேர்த்தால் நிஜத்தில் கோணம் இன்னும் குறையும்.

இரண்டு டிகிரிதானே என்று தோன்றலாம். நம் பக்கத்துக் கருங்கல் பாறை சொரசொரப்பானது, டயர் நன்றாகப் பிடிக்கும். அதனால் இங்கே வண்டி வழுக்கிக் கீழே வருவதைவிடக் கவிழ்வதுதான் அதிகம். கவிழும் இடத்தில் ஒவ்வொரு டிகிரியும் கணக்கு.

இதைப் புரிந்துகொண்டவர்கள் பாடியைக் குறைக்க ஆரம்பிப்பார்கள். முதலில் பின்பக்கம் போகும், அப்புறம் கூரை, அப்புறம் அகலம். கடைசியில் கூண்டுக்குள் ஒரு மோட்டார் மட்டும் மிஞ்சும். மேல் பிரிவுகளில் அப்படி ஓட்டலாம், அதுவும் அழகான விளையாட்டுதான். ஆனால் பெட்டியிலிருந்து எடுத்த வண்டியோடு வரும் புதியவர் அதன் பக்கத்தில் நின்றால் முதல் நாளே மனம் விட்டுப்போய்விடும். எல்லாருடைய தலையிலும் ஏறக்குறைய ஒரே சுமை இருந்தால், யார் நிதானமாகப் பாதை பார்த்து ஓட்டுகிறாரோ அவர் ஜெயிப்பார். பாடி விதிகளின் வேலை அதுதான்.

எந்த வண்டியின் பாடி போடலாம்?

நான்கு சக்கரத்தோடு நிஜமாகத் தயாரான எந்த வண்டியும் சரி. ஜீப், டிஃபெண்டர், தார், ஜிப்ஸி, ஜிம்னி, பொலிரோ, பிக்கப் எதுவானாலும் போடலாம். கார் பாடிகூடச் சரிதான். பானெட், முன் கிரில், கண்ணாடிச் சட்டம், கூரை அல்லது கூரைக்குப் பதிலாக ரோல் கேஜ் (பாதுகாப்புக் கம்பிக் கூண்டு), இரண்டு பக்கவாட்டு, பின்பக்கம் ஆகியவை இருக்க வேண்டும். பத்தடி தள்ளி நின்று பார்க்கிறவர் அது என்ன வண்டி என்று சொல்லிவிட வேண்டும்.

கதவைக் கழற்றிய ஜீப், கூரை இல்லாத ஜிப்ஸி எல்லாம் நிஜத்திலேயே சாலையில் ஓடுகிறவை, அதனால் அனுமதி உண்டு. கூரை இல்லையென்றால் ரோல் கேஜ் கட்டாயம்.

அளவு மிகச் சரியாக 1/10 இருக்க வேண்டுமா?

வேண்டாம். 1/10 என்றால் நிஜ வண்டியின் அளவில் பத்தில் ஒரு பங்கு. கண்டிப்பாக அளந்தால் கடை வண்டிகளே தேறாது. பழைய டிஃபெண்டர் 110-இல் உள்ள 110 என்பது அங்குலத்தில் அதன் வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையே உள்ள தூரம்), அதாவது 2794 மி.மீ. பத்தில் ஒரு பங்கு 279 மி.மீ. ஆனால் டிராக்ஸாஸ் டி.ஆர்.எக்ஸ்-4 டிஃபெண்டரின் வீல்பேஸ் 324 மி.மீ. இரண்டாம் தலைமுறை ஆக்ஸியல் எஸ்.சி.எக்ஸ்.10 சுமார் 313 மி.மீ. மூன்று கதவுத் தாரின் 2450 மி.மீ.ஐப் பத்தால் வகுத்தால் 245தான் வரும். அதை 313 மி.மீ. சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) மேல் வைத்தால் டயர் வளைவைத் தாண்டி பம்பர் பக்கம் போய் நிற்கும்.

அதனால் எங்கள் விதி சுலபமானது. 1/10 என்று விற்கப்படும் பாடி எதுவும் சரி. நான்கு டயரும் அதனதன் வளைவுக்கு நடுவில் அமர்ந்திருக்க வேண்டும். டயர் உயரம் 4.75 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. நீங்களே செய்த பாடியானால் கதவுப் பகுதியில் அகலம் 170 மி.மீ.க்குக் குறையக் கூடாது.

நானே பாடி செய்யலாமா?

தாராளமாக. ஃபிளக்ஸ் போர்டு கடைகளில் 3 மி.மீ. சன்போர்டு (எடை குறைந்த பிளாஸ்டிக் அட்டை) கிடைக்கிறது. கட்டரால் வெட்டி ஃபெவிக்விக் போட்டு ஒட்டலாம். முதல் முயற்சிக்கு ஜிப்ஸி நல்லது. அதில் எல்லாமே தட்டையான பரப்பு, வளைவு குறைவு. செலவும் மிகக் குறைவு. கையால் செய்த பாடியோடு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மிகவும் சந்தோஷமாக இருக்கும். அதற்காக அளவு விதியைத் தளர்த்த முடியாது, அவ்வளவுதான்.

லெக்ஸான் வாங்குவதா, கெட்டி பிளாஸ்டிக் வாங்குவதா?

இரண்டுக்கும் அனுமதி உண்டு. லெக்ஸான் என்பது பாலிகார்பனேட். மெல்லியது, எடை குறைவு, அடி பட்டால் வளைந்து திரும்பும். மேலே சொன்ன கணக்குப்படி போட்டிக்கு அதுதான் லாபம். கெட்டி பாடி என்பது பெரும்பாலும் ஏ.பி.எஸ். பார்க்க நிஜ வண்டி மாதிரியே இருக்கும். கதவு இடுக்கு, கைப்பிடி எல்லாம் தெளிவாகத் தெரியும். ஆனால் எடை அதிகம், மூலையில் அடி பட்டால் உடையும்.

புதிதாக வாங்குகிறவருக்கு நான் லெக்ஸானைத்தான் சொல்வேன். வண்டியோடு கெட்டி பாடி வந்திருந்தால் அதையே வைத்து ஒரு வருடம் ஓட்டுங்கள். மேல் சுமையோடு ஓட்டப் பழகிய கைக்கு அப்புறம் எந்த வண்டியும் சுலபமாக இருக்கும்.

பாடியை எவ்வளவு வெட்டலாம்?

அதிகம் வரும் கேள்வி இது, அதிகம் தவறுவதும் இதில்தான்.

டயர் உரசாத அளவுக்குச் சக்கர வளைவைப் பெரிதாக்கலாம். ஆனால் வெட்டு, பானெட்டின் மேல்விளிம்புக் கோட்டைத் தொடக் கூடாது. கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பில் 10 மி.மீ. வரை எடுக்கலாம். முன் பம்பருக்குக் கீழே தொங்கும் பகுதியை எடுத்துவிடலாம். லெக்ஸானில் ஜன்னல்களை வெட்டித் திறக்கலாம், ஜன்னல் தூண்களை மட்டும் விட்டுவிட வேண்டும்.

கூடாதவை மூன்று. பாடியை நடுவில் பிளந்து அகலத்தைக் குறைப்பது ஒன்று. பின்பக்கத்தை இரண்டு பக்கமும் கூம்பாக உள்ளே இழுப்பது இன்னொன்று. பின் சக்கரத்துக்கு அப்பால் உள்ள பகுதியை முழுவதுமாக அறுத்துவிடுவது மூன்றாவது. செங்குத்துப் படியில் இறங்கும்போது பின்பக்கம் இடிக்கும் என்பது உண்மைதான். அந்த இடியைச் சமாளிக்கும் பாதையைக் கண்டுபிடிப்பதும் இந்தப் பிரிவில் ஓட்டத்தின் ஒரு பகுதி.

சக்கர வளைவை வெட்டும் முன் இப்படிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு முன் சக்கரத்துக்கு அடியிலும் அதற்கு எதிர்மூலையில் உள்ள பின் சக்கரத்துக்கு அடியிலும் செங்கல் வைத்து ஷாக்கை முழுக்க அமுக்குங்கள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, டயர் தொடும் இடத்தை மார்க்கரால் குறியுங்கள். செங்கற்களை மற்ற இரண்டு சக்கரங்களுக்கும் மாற்றி மறுபடி பாருங்கள். குறியிலிருந்து 3 அல்லது 4 மி.மீ. தள்ளி வெட்டினால் போதும். தேவையானால் நாளை இன்னும் கொஞ்சம் வெட்டலாம். வெட்டியதை ஒட்ட முடியாது.

லெக்ஸானை வெட்ட வளைந்த முனையுள்ள கத்தரிக்கோல் வேண்டும். நேர்க்கோட்டில் கட்டரால் ஆழமாகக் கீறி, முன்னும் பின்னும் மடக்கினால் சுத்தமாகப் பிரிந்து வரும். உள்மூலை வரும் இடத்தில் முதலில் 3 மி.மீ. துளை போட்டுவிட்டு, வெட்டு அந்தத் துளையில் முடியும்படி செய்யுங்கள். கூரான உள்மூலையிலிருந்துதான் விரிசல் கிளம்பும். வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.

பெயிண்ட் பற்றி விதி உண்டா?

நிறத்துக்கு விதி இல்லை. பெயிண்ட் அடித்திருக்க வேண்டும் என்பது மட்டும்தான் விதி, ஏனென்றால் ஒன்றும் அடிக்காத லெக்ஸான் பாறையில் கண்ணுக்கே தெரியாது. குச்சியைத் தொட்டதா இல்லையா என்று நடுவரால் சொல்ல முடியாது. கருங்கல் சாம்பல் நிறத்தையும் தவிர்த்தால் நல்லது.

லெக்ஸானுக்கு உள்பக்கம்தான் பெயிண்ட் அடிக்க வேண்டும். இது தெரியாமல் என் முதல் பாடியைப் பாழாக்கினேன். ஒரு கடையில் சாதாரண ஸ்ப்ரேவே போதும் என்று சொன்னார்கள். அதை வாங்கி வெளிப்பக்கம் அடித்தேன். வீட்டில் பார்க்க அருமையாக இருந்தது. முதல் நாள் பாறையில் இரண்டு தடவை உருண்டதும் பாடி வளைந்த இடமெல்லாம் பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உரிந்துவிட்டது. வளையும் பாடிக்கு வளையும் பெயிண்ட் வேண்டும். பாலிகார்பனேட்டுக்கு என்றே விற்பதை வாங்குங்கள்.

முதலில் உள்பக்கத்தைப் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவுங்கள், அச்சிலிருந்து ஒட்டிய எண்ணெய்ப் பசை போகும். ஜன்னலுக்கு மாஸ்க் ஒட்டுங்கள். உள்ளிருந்து அடிப்பதால் வரிசை தலைகீழ்: கறுப்புப் பட்டை போன்ற அடர் நிறம் முதலில், வெளிர் நிறம் பிறகு. மெல்லிய பூச்சாகப் பல தடவை அடிக்க வேண்டும். வெளிப்பக்கத்து பிளாஸ்டிக் படலத்தைக் கடைசியில் உரியுங்கள். தின்னரையோ அசிட்டோனையோ லெக்ஸானில் தொடவே விடாதீர்கள்; மயிரிழை வெடிப்பு விட்டுப் பனி படர்ந்தது போல் ஆகிவிடும்.

நம்பர் பிளேட் விரும்பினால் ஒட்டலாம். டி.என். 24, 29, 70 மூன்றும் எங்கள் பாறையில் இருக்கின்றன. அதாவது கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஓசூர். ஸ்டிக்கர் கடையில் சொன்னால் சின்னதாக வெட்டிக் கொடுப்பார்கள்.

3டி பிரிண்ட் செய்த பாடி, கிரில், கண்ணாடி போடலாமா?

போடலாம். ஆனால் எந்த பிளாஸ்டிக் என்று பாருங்கள். பி.எல்.ஏ. 60 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய காரின் டாஷ்போர்டு மேல் அந்தச் சூடு சாதாரணம். என் ஜீப்பின் பி.எல்.ஏ. கிரில் அப்படித்தான் தொய்ந்து போனது. ஏ.பி.எஸ். சுமார் 100 டிகிரி வரை தாங்கும். லெக்ஸானுக்கு இந்தக் கவலையே இல்லை. கையைக் கீறும்படியான கூர் விளிம்பு எதிலும் இருக்கக் கூடாது.

பம்பர் கட்டாயமா?

முன்னும் பின்னும் கட்டாயம். சேசிஸின் இரண்டு நீளச் சட்டங்களின் அகலமாவது இருக்க வேண்டும். கதவுக்கு அடியில் வரும் ஸ்லைடர் உங்கள் விருப்பம். நான் போடச் சொல்வேன். பாடியின் கீழ்விளிம்பு பாறையில் மாட்டிக்கொள்ளாமல் வண்டி வழுக்கிப் போக அது உதவும்.

கேரியர், ஸ்டெப்னி, டிரைவர் பொம்மை வைத்தால் கூடுதல் புள்ளி உண்டா?

இல்லை. சில ஊர்களில் உண்டு, நாங்கள் புதியவர் பிரிவில் வைக்கவில்லை. காசு உள்ளவருக்குப் புள்ளி என்று ஆகிவிடக் கூடாது. ஆசைக்கு வைக்கலாம். எடையை மட்டும் யோசியுங்கள். முன்பு சொன்ன கெட்டி பாடி வண்டியின் கூரையில், 250 மி.மீ. உயரத்தில், 150 கிராம் கேரியர் வைத்தால் 48.7 டிகிரி 47 ஆகக் குறையும். டிரைவர் பொம்மைக்குத் தலையும் தோளும் போதும். கால் இருக்கும் இடத்தில் பேட்டரி வரும்.

ஓடும்போது பாடி கழன்றுவிட்டால்?

10 புள்ளி. வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்திப் பாடியை மாட்டிவிட்டு அங்கிருந்தே தொடரலாம், கடிகாரம் நிற்காது. பெரும்பாலும் பாடியைப் பிடித்து வைக்கும் கிளிப் தொலைவதால்தான் இது நடக்கும். கிளிப்பின் கண்ணில் மீன்பிடி நரம்பைக் கட்டி, மறுமுனையைப் பாடிக்குள் ஒட்டிவிட்டால் கழன்றாலும் தொலையாது.

பாடியை ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி அடி பட்டு உப்பினாலோ புகைந்தாலோ சில நொடிகளில் பாடியைத் திறந்து ஒயரைப் பிடுங்க வேண்டும். கிளிப், காந்தம், கொக்கி எதுவானாலும் கையால், கருவி இல்லாமல் திறக்க வேண்டும். இந்த ஒரு விதியில் யாருக்கும் விலக்குக் கொடுத்ததில்லை, கொடுக்கவும் மாட்டோம்.

விரிசல் விட்ட பாடியோடு வரலாமா?

வரலாம், தொங்கும் துண்டு இல்லாமல் இருந்தால் சரி. லெக்ஸான் விரிசலின் இரண்டு முனையிலும் சிறு துளை போடுங்கள், அதற்கு மேல் ஓடாது. உள்பக்கம் ஜிப்சம் போர்டு இணைப்புக்கு ஒட்டும் வலை டேப்பை வைத்து, அதன் மேல் காய்ந்தாலும் ரப்பர் போல் வளையும் பசையைத் தடவுங்கள். ஃபெவிக்விக் வேண்டாம், வெள்ளையாகப் படரும், வளைந்தால் விட்டுவிடும். ஏ.பி.எஸ். உடைந்தால் அதற்கு அசிட்டோனே மருந்து. ஏ.பி.எஸ். தூளை அதில் கரைத்துக் கூழாக்கி உள்பக்கம் பூசினால் ஒரே உடலாகப் பிடித்துக்கொள்ளும்.

என் பையனிடம் சின்ன வண்டி இருக்கிறது. சேர்த்துக்கொள்வீர்களா?

கூட்டி வாருங்கள். 1/16, 1/18, 1/24 வண்டிகளுக்குக் குறுகிய கேட் வைத்துப் பக்கத்தில் தனிப் பாதை போடுவோம். அங்கே பாடிக்கு ஒரே விதிதான்: பாடி இருக்க வேண்டும்.

விதிக்குப் பொருந்தவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவீர்களா?

மாட்டோம். சரிசெய்ய முடிந்தால் அங்கேயே சேர்ந்து சரிசெய்வோம். கத்தரிக்கோல், டேப், மாற்று பம்பர் எல்லாம் என் பெட்டியில் இருக்கும். முடியாததாக இருந்தால், உதாரணமாக அகலம் குறைத்த பாடி, புள்ளிக் கணக்கில் சேராமல் எல்லா கேட்டையும் ஓட்டிப் பார்க்கலாம். ஒரே ஒருமுறை ஒருவர் சிறப்பாக ஓட்டியும் இதனால் இடம் இல்லாமல் போனது, எங்களுக்கே கஷ்டமாக இருந்தது. அதனால் புதுப் பாடியை வெட்டும் முன்பே ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

வெட்டிய பாடியைப் பழக எங்கே கொண்டுபோகலாம்?

ஊர்ப்பக்கத்துக் கரடு எதுவும் நல்லது, நிலத்துக்காரரிடம் சொல்லிவிட்டு ஓட்டுங்கள். ஆனால் எல்லாப் பாறையும் ஓட்டும் பாறை இல்லை. மல்லச்சந்திரத்துக் கற்திட்டைகள், மல்லப்பாடிப் பாறை ஓவியங்கள், ராயக்கோட்டைக் கோட்டை மலை, இரண்டு மாவட்டத்திலும் வயலோரம் நிற்கும் நடுகற்கள், இவற்றின் பக்கம் வண்டியைக் கொண்டுபோக வேண்டாம். வண்டியின் உலோகப் பாகங்கள் பாறையில் உரசித் தடம் விடும். ஓவியத்தின் மேல் விழும் கீறலை யாராலும் அழிக்க முடியாது. குவாரிக் குழிகளும் வேண்டாம், ஆழம் தெரியாது.

பழகும் இடத்தில் உடைந்த துண்டு, தொலைந்த கிளிப் எல்லாவற்றையும் தேடி எடுத்துவிடுங்கள். அங்கே ஆடு மேயும். கிளிப்பில் கொஞ்சம் சிவப்பு நகப்பூச்சு தடவி வைத்தால் புல்லுக்குள் சட்டென்று கண்ணில் படும்.